காதோடு சொல்ல வேண்டியது

காதோடு சொல்ல வேண்டிய மந்திரத்தைப் பாலிங்கி வாய்விட்டுக் கத்தினான். மலை எழுந்துவிட்டது.

அவனைக் கேட்டால் ஏணி மேல்தான் குற்றம் சொல்வான். செத்த அம்மாவை வைத்த பொந்து பாறையின் பாதி உயரத்தில் இருந்தது. மரக்கதவைச் சாத்திவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இருந்திருந்தால் மட்டும் ஏறியிருப்பானா? மக்காசார் துறைமுகத்தில் சரக்கேற்றும் ஆள் என்று பெயர். நாற்காலி மேல் நின்றாலே அவனுக்குத் தலை சுற்றும்.

அதனால் கீழே நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, கத்தினான்.

அத்தனை கோபம் அவனுக்கு.

இரண்டு வருடமாக அம்மாவைத் தெற்கு அறையில் கிடத்தி, செத்துவிட்டாள் என்று சொல்லாமல், உடம்பு சரியில்லை என்று சொல்லி, வேளாவேளைக்குக் காப்பியும் சோறும் வைத்துக் காத்திருந்தார்கள். கடைசி மகன் வரட்டும், வந்ததும் எருமை வெட்டிச் சடங்கு செய்யலாம் என்று. அவனும் வருகிறேன் வருகிறேன் என்றான். போன வாரம் ஊர் பொறுமையிழந்து அவளைப் பாறைக்குள் வைத்துவிட்டது.

மகள்களுக்குப் பரீட்சை என்று மனைவியோடு மக்காசாரிலேயே விட்டுவிட்டு, நேற்று மாலை அவன் வந்து இறங்கியபோது தெற்கு அறையைக் கழுவி விட்டிருந்தார்கள்.

இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் குடியா முழுகிவிடும்? ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்க வேண்டாமா?

விடிந்தும் விடியாமலும், இரவு குடித்த கள் இறங்காமலேயே, பாறைக்குப் போனான். அந்தக் காலத்தில் வெளியூரில் செத்தவர்களை நடக்க வைத்தே ஊருக்குக் கூட்டிவந்த மந்திரம் அது. முக்கால்வாசி 'வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா' என்பதுதான். மீதியை அவன் ஒப்பேற்றிக்கொண்டான்.

அம்மாவுக்கு மட்டும் கேட்டிருந்தால் போதும். பாறைக்குள் படுத்திருந்த அத்தனை தலைமுறைக்கும் கேட்டுவிட்டது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நின்றால், பாறை மட்டும் உட்கார்ந்திருக்குமா?

ஊருக்கு முதலில் வந்தது வெயில். பாறை மறைத்திருந்ததால் இத்தனை சீக்கிரம் அது அங்கே வந்ததே இல்லை. ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மலை வயலில் கால் வைத்தது.

யாரும் அலறவில்லை. நடக்கிற பிணத்தின் காதில் ஒரு சொல் விழுந்தாலும் நின்ற இடத்திலேயே சரிந்துவிடும்; இது தாய்ப்பாலோடு படித்த பாடம். ஒரு பிணம் சரிந்தால் தூக்கிக்கொள்ளலாம். இது மலை.

ஆகவே ஊரே வாயைப் பொத்திக்கொண்டு அவனைத் திட்டியது. கண்ணால், மூக்கால், முஷ்டியால். நாற்றங்கால் முழுவதையும் ஒரே மிதியில் இழந்த பொங் சரிரா, சத்தமே இல்லாமல் சேற்றை உருட்டி உருட்டி அவன் மேல் எறிந்தார். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை.

பாறை மாடத்தில் நிற்கும் முன்னோர்களின் மரச்சிலைகள் ஆடி ஆடி, நீட்டிய கையோடு வந்தன. மலை பாலிங்கியின் வீட்டை நெருங்கியது. அக்கா லாய் ரந்தே கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பாலிங்கி சேற்றைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். எத்தனை வயல் போனால் என்ன, அம்மா வருகிறாள்.

மலை கூரையை மிதிக்காமல் தாண்டியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது இருந்த பள்ளத்துக்குள் ஆறு தடம் மாறிப் பாய்ந்தது. சொந்தக்காரி புறப்பட்டுவிட்டாள் என்று அடுத்த ஊர்க் குன்று எழுந்து கூடவே நடந்தது. அதற்கடுத்த ஊர்க் குன்றும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானத்தின் விளிம்பு தட்டையாகிப் போனது.

காது கேட்காத தூரத்துக்கு அவை போனதும், ஊர் வாயைத் திறந்தது.

"மலையைக் கிளப்பி விட்டுட்டு நிக்கிறான் பாரு, எருமைக்குப் பொறந்தவன்! என் நாத்து எங்கடா?" என்றார் பொங் சரிரா.

"கோச்சுக்காதீங்கண்ணே, இனிமே காலையிலயே நெல்லு காயப் போடலாம்ல" என்றான் பாலிங்கி. வாய் சும்மா இருந்தால்தானே.

அறை விழுந்தது. அது வலிக்கவில்லை. வலித்தது வேறு.

"வீட்டுக்கு வான்னுதானே கூப்பிட்டேன்? நம்ம வீட்டைத் தாண்டிப் போறா. எங்கதான் போறா?"

பூசாரியைக் கேட்டான். அவர் தெற்கே பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். சித்தப்பாவைக் கேட்டான். காறித் துப்பினார். எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றை அவனுக்கு மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அவனுக்கு மறுபடி கோபம் தலைக்கேறியது.

"யாராவது வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்!"

லாய் ரந்தே திறந்து வைத்த கதவை இழுத்துச் சாத்தினாள்.

"மாசா மாசம் போன்ல என்னடா சொன்னே அவகிட்ட? கடல் பக்கத்துலதான் என் வீடு, வந்து கூட்டிட்டுப் போறேன், ரெடியா இரும்மான்னு சொன்னேல்ல? மூச்சு நிக்கிற அன்னைக்குக்கூட மூட்டையைக் கட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாடா."

அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, மக்காசார் எண்ணை அழுத்தி, அவன் காதில் அடிக்கிற மாதிரி வைத்தாள்.

"உன் வீட்டுக்குத்தான் போறா. பிள்ளைங்கள வெளிய வரச் சொல்லு."