பாப்பிக்கு ஒரு பெட்டி

கார் கிளம்புவதற்குள் பூனையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ரோஸ்லின் சொல்லியிருந்தாள்.

அதற்காகத்தான் அவளும் க்ளெனிஸும் காலை ஏழரைக்கே படகுத்துறைக்கு வந்து நின்றார்கள். மே மாதக் கடைசி. ஆஸ்திரேலியாவின் தென்கோடியான தாஸ்மானியாவில் ஜூனில்தான் குளிர்காலம் முறைப்படி பிறக்கும். அதற்குள் கார்களின் கண்ணாடியை உறைபனி மூடிவிட்டது.

பூனைக்குப் பதினாறு வயதிருக்கும் என்று மிருக டாக்டர் சொல்லியிருந்தார். வாயில் இரண்டே பற்கள். யாருடையதென்று தெரியாது. பாப்பி என்று ஊர்ப் பெண்கள்தான் பெயர் வைத்தார்கள்.

அதைக் காப்பாற்ற ஆறு பேர் சேர்ந்தார்கள். ரோஸ்லினின் கணவர் பலகையடித்து ஒரு பெட்டி செய்தார். உள்ளே நுரை ஒட்டி, வைக்கோல் பரப்பி, சுடுநீர்ப் பை வைக்கக்கூட ஒரு தட்டு அமைத்தார். யார் எந்த நாள் சாப்பாடு வைப்பது என்று அட்டவணை போட்டார்கள்.

க்ளெனிஸுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஊருக்குப் புதியவள் அவள். நான்கு வருடமெல்லாம் இங்கே புதிதுதான். முதன்முதலாக ஒரு காரியத்துக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பூனை பன்னிரண்டு நாளாகியும் பெட்டியை எட்டிப் பார்க்கவில்லை. இருட்டியதும் நேராகப் போய், மார்ச்சிலிருந்து துறையோரம் நின்றுகொண்டிருந்த அந்த வெள்ளைக் காரின் கதவைப் பிறாண்டும். உள்ளே வசிப்பவன் திறந்துவிடுவான். அவனோடு ஒரே போர்வையில் தூங்கும். அவன் சாப்பிடும் டப்பா மீனில் பாதி அதற்கு.

உப்பு மீன் கிழட்டுப் பூனையின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று ரோஸ்லின் கொதித்தாள். கார் இருக்கிறவரை அது பெட்டிக்குள் போகாது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். இரவில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறது. யாராவது எழுதிக் கொடுத்தால் கவுன்சிலிலிருந்து ஆள் வருவான்.

க்ளெனிஸின் கையெழுத்து அழகாக இருக்கும். எழுதிக் கொடுத்தாள்.

கவுன்சில் ஆள் சின்னப் பையன். சங்கடத்தோடு கார்க் கண்ணாடியைத் தட்டினான். உள்ளிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். தாடி, கம்பளித் தொப்பி, குளிரில் வெடித்த உதடு. முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருப்பான். விஷயத்தைக் கேட்டதும் தகராறு எதுவும் செய்யவில்லை. பூனையை மட்டும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டான்.

ரோஸ்லின் முன்னால் வந்தாள். அன்பாகவே சொன்னாள்.

"இந்தக் குளிர்ல கார்ல கிடந்தா செத்துடும்பா."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பூனையை அதில் சுற்றி வெளியே நீட்டினான். ரோஸ்லினிடம் அல்ல, க்ளெனிஸிடம். சட்டையையும் பெட்டிக்குள் போட்டுவிடச் சொன்னான். அந்த வாசனைக்கு உள்ளே போகுமாம்.

க்ளெனிஸ் வாங்கிக்கொண்டாள். பூனை எலும்பும் தோலுமாக, சூடாக இருந்தது.

கவுன்சில் ஆள் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி எழுதிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்தி, கையிலிருந்த புகார்க் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"ஹார்வுட். இங்கயும் ஹார்வுட்னுதான் போட்டிருக்கு. ரெண்டு பேரும் சொந்தமா?"

க்ளெனிஸ் பூனையின் மடிந்த காதைத் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

காரில் இருந்தவன்தான் பதில் சொன்னான்.

"இந்தப் பக்கம் கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு ஹார்வுட் மண்டையிலதான் விழும்."

பையன் சிரித்துவிட்டான். ரோஸ்லினும் சிரித்தாள். அவளுடைய பல் டாக்டர்கூட ஒரு ஹார்வுட்தான்.

கார் மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. அவன் பனியனோடு குனிந்து, கண்ணாடியில் கையகலத்துக்கு மட்டும் பனியைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான். எந்தப் பக்கம் திரும்பினான் என்று க்ளெனிஸ் பார்க்கவில்லை. சத்தம் அடங்கும்வரை பூனையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது திமிறி அவள் மணிக்கட்டைக் கிழித்தது. அப்போதும் விடவில்லை.

ரோஸ்லின் கம்பளிச் சட்டையை இரண்டு விரலால் தூக்கி மோந்து பார்த்து, முகம் சுளித்து, குப்பைத் தொட்டியில் போட்டாள். பூனையை வாங்கிப் பெட்டிக்குள் விட்டாள்.

அது உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. தள்ளாடி நடந்து, கார் நின்றிருந்த இடத்தில் பனி படியாத நீளச் சதுரத்தின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

பழகிவிடும், இரண்டு நாள் போகட்டும் என்றாள் ரோஸ்லின். பிறகு கைகளைத் தேய்த்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள்.

"ஆமா, உன் பையன் குவீன்ஸ்லாந்து சுரங்கத்துல தானே வேலைல இருக்கான்? அங்கெல்லாம் இப்படிக் குளிராதுல்ல?"

க்ளெனிஸ் மணிக்கட்டின் ரத்தத்தைக் கைக்குட்டையால் ஒற்றினாள்.

"அங்க குளிரே கிடையாது," என்றாள்.