சாவி இருந்த இடம்

கதவு திறக்கவில்லை.

பெரிய திரையில், தொப்பி போட்ட பொம்மை கதவின் முன்னால் நின்றது. சுகுணா பட்டனை அமுக்கினாள். பொம்மை குதித்தது. மறுபடியும் அமுக்கினாள். மறுபடியும் குதித்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவன் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கேம் செய்யக் கற்றுத்தரும் அந்த வகுப்பில் ஒரு வழக்கம். லெவலைச் செய்தவர் விளையாடக் கூடாது. அதை இதுவரை பார்க்காத ஒருவர்தான் விளையாட வேண்டும். செய்தவர் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். மற்றவர்கள் நண்பர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் மனைவி சுகுணாவைக் கூட்டி வந்தான்.

பனியன் கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் கேட்டு, சாப்பிடாமல்கூட ஓடி வந்திருந்தாள்.

அவனும் அதே கம்பெனியில்தான் இருந்தான். வேலையை விட்டு இந்தப் படிப்பில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவள் ஒருத்திதான், செய்யட்டுமே என்றாள். இது அவன் செய்த முதல் லெவல். அவளுக்குக் காட்டத்தான் இத்தனை பாடு.

பொம்மை குதித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, சாவி எங்கீங்க?"

"பாலத்துக்கிட்டதான் கெடக்கு. கண்ணத் தொறந்து பாரு. சின்னப் புள்ளகூட எடுத்துரும். இதுகூடவா தெரியல ஒனக்கு?"

வழக்கமாவது மண்ணாவது. சத்தமாகவே சொல்லிவிட்டான். ஹால் முழுக்கச் சிரித்தது.

அவள் பொம்மையைத் திருப்பி நடத்தினாள். மரங்களுக்குப் பின்னால் தேடினாள். ஆற்றில் விழுந்தாள். எழுந்து வந்து மறுபடியும் தேடினாள்.

பிறகு கையை எடுத்துவிட்டு, எல்லோரையும் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கு வெளையாட வர்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு நல்லாத்தான் பண்ணியிருப்பாரு."

வகுப்பு எடுக்கும் தஸ்லீம் மேடம் வந்து கம்ப்யூட்டரைத் தன் கைக்கு வாங்கினார். லெவலை மேலிருந்து காட்டினார். பாலம், ஆறு, பூட்டிய கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் தோட்டம்.

தோட்டத்து நடுவில், மஞ்சளாகச் சாவி.

அவனே அங்கே வைத்தது.

தோட்டத்தைச் செய்த நாட்களில் ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டி வர அலுப்பாக இருந்தது. பொம்மை கிளம்பும் இடத்தையே தோட்டத்துக்குள் வைத்துக்கொண்டான். கதவைச் சோதிக்க வசதியாக இருக்கட்டும் என்று பாலத்துப் பக்கம் இருந்த சாவியையும் உள்ளே இழுத்துப் போட்டான். இன்று காலை பொம்மையை மட்டும் பாலத்துக்குக் கொண்டுபோனான். முதலிலிருந்து ஒரு தடவை ஆடிப் பார்க்கவில்லை. ஆடிப் பார்த்திருந்தால் அவனே கதவு முன்னால் குதித்துக்கொண்டு நின்றிருப்பான்.

"கொண்டு வர்றதுக்கு முன்னாடி முதல்ல இருந்து ஆடிப் பாருங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே," என்றார் மேடம். அவனுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாக. "பரவால்ல, சரி பண்ணிட்டு வாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மரியாதையைக்கூட அவன் அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை.

அடுத்தவரின் கேம் ஆரம்பித்துவிட்டது. ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. சுகுணா கடைசி வரிசையில், அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாலதான் கெட்டுப்போச்சுங்களா?"

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னான்.

"தப்பு என்னோடது. நீ சரியாத்தான் ஆடுன."

அவள் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"ஒண்ணும் கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

திட்டியபோது ஹால் முழுக்கக் கேட்டது.

மேடத்தின் மேசையில் மைக் இருந்தது.

அவன் எழுந்தான்.