மோவாயில் ஒரு பருக்கை

கருவாடு எண்ணெயில் விழுந்ததும் சீறியது. அவசரமாக அடுப்பைத் தணித்து, சட்டியின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள்.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கடியில் ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தாள்.

எதிர்வீட்டு ரோஸ்லின் காலையில் கொடுத்த நெத்திலி. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கை அதற்குள் வாங்கி முந்தானையில் மறைத்துவிட்டது.

கூடத்துக் கட்டிலில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். முக்கால்வாசிக் குடலை எடுத்த பிறகு அவருக்கு வாய்வழியாக ஒன்றும் கிடையாது. தலைமாட்டுக் கம்பியில் தொங்கும் பையிலிருந்து, பால்போல வெளுத்த ஒன்று, நெஞ்சில் செருகிய குழாய் வழியே நேரே ரத்தத்தில் இறங்கும். அதுதான் சாப்பாடு.

பை மாட்டப் போகும்போதெல்லாம் அவரே கேட்பார், பந்தி போட்டாச்சா என்று. அவள் சிரித்துவைப்பாள்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இந்த வீட்டில் தாளிப்பதில்லை. கடுகு வெடித்தால் கூடம்வரை கேட்கும். மோர்ச்சோறு போதும் என்று அவள்தான் முடிவு செய்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமை இன்றைக்கு ஒரு பிடி நெத்திலிக்குப் போயிற்று.

பொரித்த சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டினாள். பின்வாசலில் நின்றபடி அள்ளி அள்ளி விழுங்கினாள். மெல்லவில்லை. முள் தொண்டையைக் கீறியது. வந்த இருமலை அடக்கியதில் கண்ணில் நீர் முட்டியது.

நாய்கூட இப்படித் தின்னாது என்று நினைத்தாள். நினைத்தும் கை நிற்கவில்லை.

கூடத்தில் கட்டில் கிரீச்சிட்டது.

சட்டியை மூடிவைத்தாள். வாய் கொப்பளித்தாள். குழாயைத் தொடும் கைக்கு முழங்கைவரை சோப்புப் போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். தேய்த்துக் கழுவினாள். மறுபடியும் தேய்த்தாள்.

இரண்டாவது தடவை தேய்த்தது கிருமிக்காக இல்லை.

கையுறை மாட்டி, பழைய பையைக் கழற்றிப் புதியதை இணைத்தாள். பம்ப் ஓடத் தொடங்கியது.

"சாப்ட்டியா?"

"ம். மோர்ச்சோறுதான்."

அவர் கையை நீட்டி, அவள் மோவாயிலிருந்து எதையோ எடுத்தார்.

எண்ணெயில் சிவந்த ஒரு சோற்றுப் பருக்கை.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது.

அவர் அதை மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தார். வெகுநேரம் இழுத்தார்.

"எப்டி இருந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தாள். உப்பா, உறைப்பா? ஒன்றும் நினைவில்லை. நாக்கில் பட்டால்தானே.

"தெரியலங்க. முழுங்கிட்டேன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் தொங்கும் பையைப் பார்த்தார். பிறகு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, குழாயைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

"எனக்குப் பந்தி போட்டாச்சு. உன் எலை எங்க?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு போய், கதவுக்கடியிலிருந்த துண்டை உருவினாள். சட்டியோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டு, தலையைக் குனிந்தபடியே மென்றாள்.

"உப்பு கூடிப்போச்சுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.