வழிமொழிந்தவர்

இக்காஸ்ட் நகரில், தமிழ்ச் சங்கத்தின் பள்ளி நடக்கும் அறை. யன்னலில் நவம்பர் மழை ஓசையில்லாமல் வழிகிறது. மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று. பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரையில், முழங்கால் மேசையில் இடிக்க, நிர்வாகசபை உறுப்பினரான அருள்நாயகி ரீச்சர் உட்கார்ந்திருக்கிறார். செயலாளர் சிறீஸ்கந்தராசா பேனையின் மூடியைக் கழற்றி நீட்டியபடி நிற்கிறார். மார்ச் மாதப் பொதுக்கூட்ட அறிக்கை, நிர்வாகசபையின் எல்லாக் கையெழுத்துகளோடும் வெள்ளிக்கிழமைக்குள் நகரசபையான கொம்யூனுக்குப் போகாவிட்டால் இந்த அறை பறிபோய்விடும். “நீங்க மட்டும்தான் மிச்சம், ரீச்சர். வழமையா அனுப்புறதுதான்.” வழமையானதுதான். கூட்டத்துக்கு ஆள் வராமற்போன ஐந்து வருடமாக, செயலாளர் பழைய அறிக்கையையே எடுத்துத் திகதியை மட்டும் மாற்றுகிறார். ரீச்சரின் விரல், கொப்பி திருத்தும் பழக்கத்தில், வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கிறது. வழிமொழிந்தவர்: திரு. அந்தோனிதாசன். ஹீற்றர் டிக்கென்று சூடேறுகிறது. “மார்ச் பதினாறு,” என்று மேலே இருக்கும் திகதியை வாசிக்கிறார். அந்தோனிதாசன் அவருடைய கணவர். அதற்கு முதல் மாதமே, பெப்ரவரியில், அடக்கம் செய்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் செயலாளரும் ஒருவர். “ஐயோ ரீச்சர்... நான் கவனிக்கேல்லை.” ரீச்சர் நிமிரவில்லை. “கடைசி மூண்டு மாசமும் தண்ணிக் கோப்பையே தூக்கேலாமல் கிடந்த மனுசன், தம்பி. இதுக்குக் கை தூக்கினவரோ?” பேனை நீட்டியபடியே இருக்கிறது. சுவரில் பிள்ளைகள் எழுதி ஒட்டிய அகரவரிசை ஈரத்தில் சுருண்டிருக்கிறது. ரீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். விரல் அடுத்த வரிக்கு இறங்குகிறது: ஏகமனதாக நிறைவேறியது. பேனையை வாங்கிக் கையெழுத்து வைக்கிறார்.