சிவப்பா, சாம்பலா

அவள் வீட்டுக்காரர் மறுபடியும் சிவப்புக் காருக்கே போய்விட்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இதே கூத்து. சிவப்பிலிருந்து சாம்பலுக்கு, சாம்பலிலிருந்து சிவப்புக்கு. அவிநாசி ரோட்டு வெயில் மண்டையைப் பிளக்கிறது. போக வரப் பேசிய ஆட்டோ வாசலில் காத்துக் கிடக்கிறது.

இரண்டுமே ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுமே யாரோ ஓட்டிச் சலித்தவை.

கண் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஓரத்தில் வருவது இனி உங்களுக்குத் தெரியாது, ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று. மனுஷன் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். இப்போது கார் பார்க்கக் கிளம்பிவிட்டார். அதுவும் எப்பேர்ப்பட்ட கார்!

"சிவப்பு பறக்குமுங்க சார்," என்றார் பழைய கார் விற்கும் அன்வர். "ஆனா கிளட்ச் கல்லு மாதிரி. டிக்கியில ஒரு பை வெச்சா நெறஞ்சுரும். சாம்பல் கொஞ்சம் மெதுவு. ஆட்டோ கியர், கிளட்சே கெடையாது. ரெண்டு பெட்டி தாராளமா வைக்கலாமுங்க."

ஒரு பையாம். மாதச் சாமானை யார் தலையில் வைப்பது?

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. அவருக்குக் கண் மங்கிய பிறகு, ஐம்பது தாண்டிய வயதில், அவள்தான் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினாள். அவர் அதில் ஏறுவதில்லை. நீ ஓட்டி நான் உட்காருவதா என்று ஒரே பிடி. ஒரே கல்யாணத்துக்கு அவள் காரில் போவாள், அவர் பின்னாலேயே ஆட்டோவில் வருவார். தெருவே சிரித்தது.

இன்றைக்கு அவளையும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வாங்கினால் ஓட்டுவார். ஓட்டினால் ஒரு நாள் எதிலாவது போய் மோதுவார். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எரிந்து விழத்தான் வந்தது.

"பார்த்தது போதுங்க. வீட்டுக்குப் போலாம்."

அவர் மறுபடி சாம்பலுக்குத் திரும்பினார்.

சாம்பலில் ஏறினார். இறங்கினார். சிவப்பில் ஏறினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு. பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காலையிலிருந்து அவர் ஏறியதெல்லாம் இடது பக்கம்.

ஸ்டியரிங் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை.

அவர் சாம்பல் காரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். உட்காரவில்லை. குனிந்து டிரைவர் சீட்டை முன்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். நெட்டை மனிதர். அந்த இடத்தில் அவர் காலை மடக்கவே முடியாது.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இது லேசா இருக்கும். உனக்கு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஆத்திரமும். இதை வீட்டிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? வாயில் கொழுக்கட்டையா?

லேசாம். லேசு வேண்டும் என்று இவரிடம் யார் கேட்டார்கள்?

சாம்பலைத் தாண்டி விடுவிடுவென்று நடந்தாள். சிவப்பின் வலது கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கிளட்சை மிதித்தாள். கல்லேதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்து, இன்னொரு முறை மிதித்தாள்.

இறங்கியது.

அன்வர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவள் எட்டி இடது கதவைத் தள்ளித் திறந்தாள்.

"ஏறுங்க."



அவர் வாசல் பக்கம் திரும்பி, ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.