ஆமைக்கு வந்த நாலாவது நோட்டீஸ்

"என்னையா வேகமாப் போனேன்னு சொல்றீங்க? சார், எங்க தெருவுல எனக்கு ஆமைன்னுதான் பேரு!"

போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில், அதிகாரியின் மேசைமேல் அவர் நோட்டீஸ்களைப் பரப்பினார். நாலும் ஒரே மாதத்தில் வந்தவை. நாலும் பாலத்தடி கேமரா பிடித்தவை. நாற்பதில் போகவேண்டிய இடத்தில் எழுபத்திரண்டு, எழுபத்தாறு, அறுபத்தொன்பது. கடைசியாக வந்ததில் எண்பத்தொன்று!

அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஹெல்மெட் போட்ட ஒரு முதுகு, கறுப்பு ஸ்கூட்டர், பளிச்சென்று நம்பர்.

"நம்பர் உங்களுதுதானே?"

"நம்பர் என்னுதுதான். எங்கிட்ட இருக்கறதும் கறுப்பு ஸ்கூட்டர்தான். ஆனா முதுகு என்னுது இல்ல!"

"கேமராவுக்கு முதுகெல்லாம் தெரியாதுங்க. நம்பர்தான் தெரியும். இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா லைசென்ஸ் ரத்து."

ஆமைக்குத் திக்கென்றது. முப்பது வருட லைசென்ஸ். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போனாலும் கோபப்படாத மனிதர். ஒருமுறை அவர் மனைவி பொறுக்கமாட்டாமல் பின்சீட்டிலிருந்து இறங்கி நடந்து, அவருக்கு முன்னாலேயே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அவளே நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "என்னை ஏத்தினா மட்டும் உருட்டுவீங்க. யாரை ஏத்திக்கிட்டு எண்பதுல பறந்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். அதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

"எவனோ என் நம்பரை மாட்டிக்கிட்டுத் திரியறான் சார். நானே பிடிச்சுத் தர்றேன். அவனைக்கூட மன்னிச்சு விட்டுடலாம். அவனுக்கு இந்த நம்பரை எழுதிக் கொடுத்தான் பாருங்க ஒருத்தன், அந்தப் பொறுப்பில்லாத பயலை விடவே கூடாது. அவன் மேல கேஸ் போடணும்!"

"பிடிச்சுட்டு வாங்க, போடறேன்" என்றார் அதிகாரி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

மறுநாளே ஆமை தன் கடையை இழுத்துப் பூட்டினார். பாலத்தடியில், கேமராக் கம்பத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெயில், மழை எதையும் சட்டை செய்யவில்லை.

"அபராதத்தைக் கட்டித் தொலைச்சுட்டு வேலையைப் பாருங்களேன்" என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள்.

"தப்புப் பண்ணாதவன் எதுக்குக் கட்டணும்? ஒரு கை பார்க்காம விடமாட்டேன்!"

ஆறாம் நாள் சிக்கியது. கறுப்பு ஸ்கூட்டர், அதில் அவருடைய நம்பர்! சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கிவிட்டார். ஓட்டி வந்தவள் ஒரு நர்ஸ். வெள்ளை யூனிஃபார்ம், கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்.

"அண்ணா, நீங்களா! அது வந்துண்ணா..."

"அண்ணனாவது ஆட்டுக்குட்டியாவது! எதுவா இருந்தாலும் ஆபீஸ்ல வந்து சொல்லு!"

அவளை வாய் திறக்கவிடாமல் வண்டியோடு கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அதிகாரி இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல எழுதிக் கொடுத்தவன் யாருன்னு கேளுங்க சார்!" ஆமை மேசையைத் தட்டினார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "சொல்லும்மா. யாரு எழுதினது?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது ஆமைக்கு.

"இவருதான் சார். நம்பர் பிளேட் எழுதற கடை இவரோடதுதானே! 'உன் பிளேட்ல பெயிண்ட் காயலம்மா, நாளைக்கு வந்து மாத்திக்கோ'ன்னு சொல்லி, சாம்பிளுக்காகத் தன் நம்பரையே எழுதித் தொங்கவிட்டிருந்த பிளேட்டை எடுத்து இவர் கையாலயே மாட்டிவிட்டாரு. டூட்டிக்கு ஓடற ஓட்டத்துல நானும் ஒரு மாசம் மறந்துட்டேன். இப்ப மாத்திக்கலாம்னு ஆறு நாளா தினமும் போறேன், இவர் கடை பூட்டியே கெடக்கு!"