மாடிக்கு ஒரு நல்ல ஆள்

"வக்கீலா? வேணவே வேணாம். நாளைக்கு எனக்கே நோட்டீஸ் விடுவாரு."

பத்மாசினி கையை உதறியதும் மூன்றாவது ஆளும் படியிறங்கிப் போனார். முதலில் வந்தவர் பேச்சிலர். இரண்டாமவர் வீட்டில் மீன் குழம்பு வைப்பார்களாம். பழங்காநத்தத்தில் அந்த மாடி போர்ஷனுக்கு லாயக்கான மனுஷன் இன்னும் பிறக்கவில்லை என்று தெருவே சொல்லிச் சிரித்தது.

சிரிக்காதவன் தோமாஸ் ஒருத்தன்தான். கீழக்குயில்குடி சமணர் படுக்கைகளை ஆராய செக் நாட்டிலிருந்து வந்து அந்த மாடியில் குடியிருக்கிறான். ஊரில் மனைவிக்கு அடுத்த வாரமே பிரசவம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விமானம். பதினோரு மாத அக்ரிமெண்டில் ஆறுதான் முடிந்திருந்தது.

"அக்கா, பொண்டாட்டி தனியா இருக்காக்கா. விட்ருங்கக்கா."

"போ தம்பி, யாரு வேணாம்னா? நடுவுல போனா பதிலுக்கு ஒரு ஆளக் காட்டணும்னு நீதானே கையெழுத்துப் போட்ட? மீறிப் போனா ஏர்போர்ட்லயே மடக்கிருவாங்க, பாத்துக்க."

முத்திரைத்தாள் என்றாலே நடுங்குகிறவன். நம்பிவிட்டான்.

மூலையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த பத்மாசினியின் கணவர் நாகசுப்பிரமணியன், "மாடில காத்து நல்லா வரும்ல?" என்று மெல்லக் கேட்டார். சௌராஷ்டிர பாஷையில் பத்மாசினி ஒரு அதட்டல் போட்டாள். மனுஷன் மறுபடி அவரைக்காய்க்குள் புகுந்துகொண்டார்.

மறுநாள் காலை தோமாஸ் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

"ஆள் கிடைச்சாச்சுக்கா! சுத்த சைவம். சிகரெட், தண்ணி கிடையாது. ரிட்டையர்டு கிளார்க்."

"சத்தம் போடுவாரா?"

"வாயே திறக்க மாட்டாரு. எம்புட்டுத் திட்டினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை வராது."

"இப்ப எங்க இருக்காரு?"

"முப்பத்திரண்டு வருஷமா ஒரே வீட்டுலக்கா."

பத்மாசினி குளிர்ந்துபோனாள்.

"அம்புட்டு வருஷம் ஒரே இடத்துல குப்பை கொட்டிருக்காருன்னா தங்கமான மனுஷன்தான். இப்படி ஒருத்தரு கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

தோமாஸின் அக்ரிமெண்டைக் குறுக்கே அடித்து, புதியதில் பெயருக்கு மட்டும் இடம் விட்டு, சரக்கென்று கையெழுத்துப் போட்டாள்.

"சரி, ஆள வரச் சொல்லு."

பின்னறையிலிருந்து பாயும் தலையணையுமாக நாகசுப்பிரமணியன் வந்தார்.

"மாடிச் சாவியக் குடு, பத்மா."